இன்னும் தொடக்கூடாது

வல்லிபுர ஆழ்வார் துணை

பருத்தித்துறை
9.10.1973

அன்புள்ள மச்சாள் பத்மாசினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் கேட்க வேண்டும். கேட்கிறேன், ஆனால் கோபத்தோடுதான் கேட்கிறேன். ஏழு வருடம் மொஸ்கோவில் கிடந்து டொக்டருக்குப் படித்துவிட்டு வந்தவள், பெற்ற தாயோடு ஐந்தே ஐந்து நாள் நின்றாய். உன் அண்ணை கடலால் வந்து, "எங்கை தங்கச்சி?" என்று கேட்டார். "கொழும்புக்குப் போட்டாள்" என்றேன். உனக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்துவந்த பாற்சுறாவை வறை வறுத்துக் கொடுத்தேன். மனிசன் கோப்பைச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிட்டார்.

நீ பயந்துதான் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். யாருக்குத்தான் பயம் வராது? வந்த மறுநாள் விடிய முற்றத்தில் பதினேழு பேர். சங்கக்கடை வரிசைகூட அவ்வளவு ஒழுங்காய் நிற்காது. சின்னத்தங்கம் அக்கா முழங்காலை நீட்டிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நமசிவாயம் மாஸ்டர் சோதிக்கச் சொல்லி, விடியப் பெய்த சலத்தைச் சாராயப் போத்தலில் அடைத்து, பேப்பரால் சுற்றி, பரிசு மாதிரி உன் கையில் தந்தாரே! அதை நினைத்து நான் இன்றைக்கும் அடுப்படியில் தனியே சிரிக்கிறேன்.

ஆனால் நீ கத்தினது சரியில்லை. "நான் இன்னும் டொக்டர் இல்லை! இஞ்சத்தைப் பரீட்சை பாஸ் பண்ணி, ஆஸ்பத்திரியிலை பயிற்சிக்கு எடுத்தால்தான் நான் ஆக்களைத் தொடலாம். அதுக்கு முதல் தொட்டால் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள்!" என்று ஊர் கேட்கக் கத்தினாய். சனம் கலைந்துவிட்டது, நல்லது. ஆனால் உன்னைப் பெற்ற மாமி அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்று அதைக் கேட்டார். அன்றையிலிருந்து யார் வந்து உன்னைக் கேட்டாலும், "பிள்ளை இன்னும் தொடக்கூடாதாம், சட்டமாம்" என்றே சொல்கிறார்.

மாமிக்கு உன்னோடு தனியாக ஒரு விஷயம் கதைக்க இருந்தது. ஐந்து நாளும் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நீ கவனித்தாயோ தெரியாது. உடம்பு விஷயம். மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "அங்கை ஆம்பிளை டொக்டர்மார். என்ரை பெட்டை டொக்டராய் வரட்டும்" என்கிறார். அதற்கு மேல் என்னைக் கேளாதே. சத்தியம் வாங்கியிருக்கிறார்.

பரீட்சை எப்போது? கெதியாய் எழுதிவிட்டு வா.

உன் மச்சாள்
நாகேஸ்வரி


வெள்ளவத்தை, கொழும்பு
21.10.1973

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். கத்தியது பிழைதான். சின்னத்தங்கம் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாஸ்டரிடம் சொல்ல வேண்டாம். அவர் இன்னொரு போத்தலோடு வந்துவிடுவார்.

நான் ஏன் ஓடினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். முற்றத்தில் நின்ற பதினேழு பேரும் என்னை நம்பினார்கள். என்னால் என்னை நம்ப முடியவில்லை. நான் படித்ததெல்லாம் ரஷ்ய மொழியில். இங்கே பரீட்சை ஆங்கிலத்தில். எழுதுவதைப் பழகிவிடலாம். ஆனால் வாய்மொழிப் பரீட்சையும் இருக்கிறது. மூன்று பெரிய டொக்டர்மார் கதிரையில் இருந்து கேட்பார்கள், நான் உடனே பதில் சொல்ல வேண்டும். மார்கழியில் பரீட்சை. பாஸ் பண்ணினால்தான் உள்ளகப் பயிற்சிக்கு எடுப்பார்கள்; ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பழக வேண்டும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். இந்த வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்களாகத்தான் தெரிகிறார்கள்.

அம்மாவுக்கு என்ன? சத்தியம் கித்தியம் என்று விளையாடாமல் ஒழுங்காக எழுதுங்கள். உடம்பு விஷயம் என்றால் என்ன விஷயம்?

அன்புடன்
பத்மா


பருத்தித்துறை
2.11.1973

அன்புள்ள மச்சாளுக்கு,

மாமி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். நான் எழுதுவதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். வெறும் நாரிப்பிடிப்பு, இடுப்பு நோவு என்று எழுதட்டாம். எழுதிவிட்டேன்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் மனத்தைக் குழப்பக்கூடாதாம். "பாஸ் பண்ணிப்போட்டு வரட்டும், அதுக்குப் பிறகு அவளுக்குத்தானே காட்டப்போறன்" என்கிறார். விடிய நாலு மணிக்குப் பேக்கரிப் பாண் வரிசைக்குப் போகிற மனுஷிக்கு நாரி பிடிக்காமல் என்ன செய்யும் என்று நீயும் நினைத்துக்கொள்.

நன்றாகப் படி. வேறு ஒன்றும் எழுத என்னை விடுகிறாரில்லை.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை, கொழும்பு
14.1.1974

அன்புள்ள மச்சாள்,

பொங்கல் வாழ்த்துக்கள். பரீட்சை பாஸ். கொழும்பிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. வேலை அதிகம், லீவு இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். அண்ணையிடமும் சொல்லுங்கள்.

பத்மா


வல்லிபுர ஆழ்வார் துணை

பருத்தித்துறை
27.1.1974

அன்புள்ள டொக்டர் மச்சாளுக்கு,

நாலு வரியில் எழுதுகிற செய்தியா அது? தந்தி அடிக்கத் தெரியாதா உனக்கு? வாசித்ததும் மாமி நிலத்தில் இருந்துவிட்டார். நான் பயந்துபோனேன். பிறகு எழும்பி, முகம் கழுவி, சேலை மாற்றி, "வா, ஆழ்வாரிட்டைப் போட்டு வருவம்" என்றார். வல்லிபுரக் கோயில் மணலில் அந்த வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார். உன் அண்ணை துறைமுகத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. கேட்டால் உப்புக் காற்றாம்.

இரவு சாப்பிடும்போது மாமி என்னைக் கேட்டார்: "நாகேசு, இனி அவள் தொடலாம் தானே?"

"ஓம் மாமி, இனித் தொடலாம்" என்றேன்.

"சட்டம் ஒண்டும் செய்யாதே?"

"ஒண்டும் செய்யாது மாமி."

அடுத்த நாளே பையை அடுக்கிவிட்டார். உனக்கு லீவில்லை என்றால் நாங்கள் யாழ்தேவி ரயிலில் வருகிறோம். நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பெயரை எழுது. இரண்டு நாள் போதும். பிள்ளைகளை உன் அண்ணையிடம் விட்டுவிட்டு வருவேன்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
5.2.1974

அன்புள்ள மச்சாள்,

இப்போது வர வேண்டாம். நாங்கள் தங்குகிற இடத்தில் வெளியாட்களை விடுவதில்லை. நான் எந்த நேரம் எந்த வார்டில் நிற்பேன் என்று எனக்கே தெரியாது. சித்திரைக்கு எப்படியும் நான் வருவேன். நாரிப்பிடிப்புக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

பத்மா


பருத்தித்துறை
16.2.1974

பத்மாசினி,

நல்லெண்ணெயோ? ஏழு வருடம் படித்து எழுதுகிற மருந்து இதுதானோ?

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், பிள்ளைக்கு வேலை" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த சேலைகளை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். இடது கையால் தட்டைத் தொட முடியவில்லை. வலது கையால்தான் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆழ்வார் மேல் செய்த சத்தியத்தை இப்போது முறிக்கிறேன். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். நான் கற்பூரம் கொளுத்திச் சமாளித்துக்கொள்கிறேன்.

மாமிக்கு இடது மார்பில் கட்டி. நீ வருவதற்கு ஒரு மாதம் முன்னர், ஆவணியில், கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்றவருக்கு முதுகு தேய்க்கப் போய்க் கண்டேன். அப்போது புளியங்கொட்டை அளவு. இப்போது ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவு. மேல் தோல் தோடம்பழத்தின் தோல் மாதிரிக் குழி குழியாக இருக்கிறது. நோவில்லையாம். நோவில்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வந்த ஐந்து நாளும் அதைக் காட்டத்தான் உன்னைச் சுற்றி வந்தார். நீ தொட்டால் மறியல் என்று கத்தினாயே, அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். "நான் சேலையை விலத்தினால் அவள் தாயெண்டு பாராமல் இருப்பாளோ? தொடுவாள். தொட்டால் அவளைப் பிடிச்சுப் போடுவாங்கள். அவ்வளவு படிச்சதும் வீணாய்ப் போயிடும்" என்று எனக்குச் சொன்னார். நீ சனத்தைக் கலைக்கச் சொன்ன பேச்சு மாமிக்கு வேதவாக்காய்ப் போய்விட்டது. பிள்ளை சட்டத்தை மீறக்கூடாது என்று தன் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உன் அண்ணைக்குக்கூடத் தெரியாது. பெண்களின் சங்கதியாம். எனக்கும் மாமிக்கும் இந்தப் பத்து வருடத்தில் எத்தனை சண்டை, அடுப்பிலும் சண்டை, அம்மியிலும் சண்டை, உனக்குத் தெரியும்தானே. இப்போது அந்த மனுஷி ஒரு நாளாவது என்னை ஏசமாட்டாரா என்றிருக்கிறது.

நீ இப்போது தொடலாம்தானே? வந்து தொடடி.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
19.2.1974

மச்சாள்,

உட்கார்ந்து வாசியுங்கள். நான் பரீட்சை பாஸ் பண்ணவில்லை.

எழுத்துப் பரீட்சை சரி. வாய்மொழியில் விழுந்துவிட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். முதல் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். மொஸ்கோவில் அதே நோயோடு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் முதல் சொல் வரவில்லை. நடுவில் இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதோடு எல்லாம் போய்விட்டது. ஒரு சொல் சொல்லாமல் எழும்பி வந்தேன். முற்றத்தில் நின்ற சனத்தின் முகம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தது. பாஸ் என்று எழுதிவிட்டேன். அடுத்த தடவை பாஸ் பண்ணிவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். எந்த ஆஸ்பத்திரியிலும் நான் வேலை செய்யவில்லை. இந்த அறையில் இருந்து படிக்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிய அடையாளத்தைப் பார்த்தால் அது என்ன என்று எனக்குத் தெரிகிறது. எழுதக் கை வரவில்லை. எனக்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணையிடம் சொல்லுங்கள், வெட்கம் பார்க்கிற நேரமில்லை. கார் பிடியுங்கள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் டொக்டர் இல்லை என்று சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமை ரயிலில் நான் வருகிறேன். பரீட்சை பங்குனி இருபதாம் திகதி திரும்ப இருக்கிறது. அது இனி எனக்கு வேண்டாம்.

மச்சாள், மூன்று மாதம் அம்மா காத்திருந்தது சட்டத்துக்காக. பிறகு காத்திருந்தது என் பொய்க்காக. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பத்மா


தந்தி
22.2.1974

மாமி பெரியாஸ்பத்திரிக்குச் சம்மதம். நீ வராதே. கடிதம் வருகிறது. நாகேஸ்வரி


பருத்தித்துறை
24.2.1974

அன்புள்ள பத்மா,

உன் கடிதத்தைக் கண்டதும் கிழித்து அடுப்பில் போடத்தான் கை போனது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பிறகு நானும் நாரிப்பிடிப்பு என்று எழுதியவள்தானே என்று நினைத்தேன். யார் யாரை ஏசுவது?

மாமிக்குச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "அப்ப நான் ஆருக்காகக் காத்துக்கொண்டிருந்தனான்?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

பிறகு கேட்டார்: "திரும்பப் பரீட்சை எப்ப?"

"பங்குனி இருபது."

"அப்ப அவளை இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லு. இஞ்சை வந்தால் என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துபோடுவாள். நான் ஆம்பிளை டொக்டரிட்டைக் காட்டுறன். அவள் போய் அந்த மூண்டு பேருக்கும் வாயைத் திறந்து மறுமொழி சொல்லட்டும். நான் சேலையை விலத்திறன், அவள் வாயைத் திறக்கட்டும். எனக்கு மட்டும் வெக்கமில்லையோ?"

அப்படியே எழுதச் சொன்னார். ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை.

நேற்றுப் போனோம். உன் அண்ணையிடம் வழியில் காருக்குள் வைத்துத்தான் சொன்னேன். வல்லை வெளியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய்த் தூரத்தில் நின்றார். திரும்பி வந்து தாயின் காலடியில் கையை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தார்.

டொக்டர் நல்ல மனிதர். மாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் கையை நசுக்கிக்கொண்டு, முழு நேரமும் "நாராயணா, நாராயணா" என்றார். என் விரல் இன்னும் வீங்கியிருக்கிறது. ஆறு மாதம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டொக்டர் என்னிடம் தனியே சொன்னார். பங்குனி இருபதுக்கு முதல் நாள் கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். அந்த நாளை மாற்றச் சொல்லி நீ அழக்கூடாது. மாமி கேட்டுத்தான் வைத்த நாள். "அவளுக்கும் எனக்கும் ஒரு தவணையிலை முடியட்டும்" என்றார்.

என்ன நடந்தாலும் ஒளிக்காமல் எழுதுவேன். நீயும் அப்படியே எழுது.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
30.5.1974

அன்புள்ள மச்சாள்,

பாஸ். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். அதனால் அரசாங்கம் அனுப்பிய கடிதத்தையே இதற்குள் வைத்திருக்கிறேன். அம்மா முத்திரையைத் தடவிப் பார்த்து முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

பரீட்சையன்று எப்படி வாய் திறந்தது என்று சித்திரைக்கு வந்தபோது கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு இந்த முறையும் சொல் வரவில்லை. அதே மனிதர் அதே மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா நேற்று வெட்டுவதற்குச் சேலையை விலத்திவிட்டார், இன்றைக்கு என் முறை என்று நினைத்தேன். ஓட்டை ஆங்கிலத்தில், பிழை பிழையாக, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். இடையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி முதலாம் திகதியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி. நான் கேட்ட இடமே கிடைத்தது. சித்திரைக்கு வந்தபோது வெட்டின காயத்தைக் காட்டுங்கள் என்று அம்மாவிடம் எவ்வளவு கேட்டேன்! "முடிவு வரேல்லைத்தானே? இன்னும் தொடக்கூடாது" என்று சிரித்துக்கொண்டு சேலையை இழுத்து மூடினார். இனி அந்தக் கதை சரிவராது என்று சொல்லுங்கள்.

பத்மா


பெரியாஸ்பத்திரி விடுதி
யாழ்ப்பாணம்
16.8.1974

அன்புள்ள மச்சாள்,

நேற்று அண்ணை அம்மாவைச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒளிக்காமல் எழுதுவோம் என்று பேசிக்கொண்டதால் உடனே எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து அம்மா உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அண்ணைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் வாசல் வரைக்கும் போய்ச் சொல்ல முடியவில்லை.

நோய் திரும்பி வந்துவிட்டது. பெரிய டொக்டரும் பார்த்தார். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார். அங்கே கட்டிக்குக் கதிர்வீச்சுக் கொடுப்பார்கள். நோவைக் குறைக்கலாம், கொஞ்ச நாளைக் கூட்டலாம். மாறாது, மச்சாள். சனிக்கிழமை வருகிறேன், எல்லோரும் இருந்து பேசுவோம்.

நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. நான் வாசலில் கண்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். "எனக்கு முதல் வந்த சனம் இருக்குது" என்று சொல்லித் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார். இரண்டு மணித்தியாலம். ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்து கதிரையில் இருந்து, பேர் கேட்க முதலே, "தங்கமுத்து, வயது ஐம்பத்தெட்டு, பருத்தித்துறை" என்று ஒப்புவித்தார். தாதிக்குச் சிரிப்பு. பிறகு தானாகவே சேலையை விலத்தினார்.

நான் தொட்டேன். காயம் நன்றாக ஆறியிருக்கிறது. கழுத்துக்குக் கீழே, எலும்புக்கு மேலே கை வைத்தபோது பயறு மாதிரி இரண்டு, கல்லுப்போல. படித்தவள் கைக்கு அது போதும். இப்படி ஏதும் கண்டால் மூத்த டொக்டரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், நோயாளிக்கு உடனே சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாரிப்பிடிப்பு மாதிரி ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்னால் முடியவில்லை.

"அம்மா, அது திரும்ப வந்திட்டுது" என்றேன்.

அம்மா எவ்வளவு நாள் என்றும் கேட்கவில்லை. கழுத்தடியில் இருந்த என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார்.

"உன்ரை கை குளிருது, பிள்ளை."

தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் விட்டார். எழும்பி, சேலையைச் சரிசெய்து, வாசலை எட்டிப் பார்த்தார். வாங்கில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"அழாதை. கண்ணைத் துடை. சனம் விடியத் தொடக்கம் காத்துக்கொண்டிருக்குது, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன், மச்சாள்.

பத்மாசினி